குரூப் 4 பொது அறிவு: முதல்முறை எழுதுபவர்களுக்கு, சான்றிதழ் முதல் விடைக்குறிப்பு வரை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதப் போகிறேன் என்று சொன்னால் வீட்டிலும் தெருவிலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: "பொது அறிவை நல்லா படி." எங்கிருந்து படிப்பது, எவ்வளவு படிப்பது, எதை விடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தில் நான் நிறையவே அலைந்திருக்கிறேன். நீங்களும் அலைய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இந்தத் தேர்வில் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புத் தரத்தில், பெரும்பாலும் பள்ளிப் புத்தகங்களுக்குள்ளிருந்தே கேட்கிறார்கள். ஆகவே குறைவாகப் படியுங்கள், ஒரே இடத்திலிருந்து படியுங்கள், ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் படியுங்கள். சான்றிதழ் வேலையை மட்டும் படிப்புக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

1. அறிவிக்கை வரும் முன்பே சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்

2024-இல் அறிவிக்கை ஜனவரி 30 அன்று வந்தது, தேர்வு ஜூன் 9 அன்று நடந்தது. 2025-இல் அறிவிக்கை ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. அதாவது ஓர் ஆண்டு நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது, அடுத்த ஆண்டு இரண்டரை மாதம்தான். விண்ணப்பிக்கச் சுமார் ஒரு மாதம் தருகிறார்கள். அந்த மாதத்தில் தாலுகா அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடந்துகொண்டிருந்தால் புத்தகத்தைத் திறக்கவே முடியாது.

தேவைப்படுபவை இவை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். சாதிச் சான்றிதழ். தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழ். மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர் என்றால் அதற்கு உரியது. இவற்றோடு ஆதார்.

சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாகப் போகும். எந்த மேசையில் நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். நிற்கிறது என்று தெரிந்தால் நேரில் போய்க் கேளுங்கள். பழங்குடியினருக்குச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர், அதனால் அவர்கள் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

திருமணமான பெண்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கிய சான்றிதழைத் தேர்வாணையம் ஏற்காது. மதிப்பெண் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு வரை வந்தபிறகு இதனால் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே பீரோவைத் திறந்து எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது தமிழ் வழிச் சான்றிதழ். வேலைவாய்ப்பில் 20 சதவீத இட ஒதுக்கீடு இதற்கு இருக்கிறது, ஆகவே சின்ன விஷயம் இல்லை. குரூப் 4-க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். ஆரம்பப் பள்ளி ஓர் ஊர், உயர்நிலைப் பள்ளி வேறு ஊர் என்றால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். தேர்வாணையம் கொடுத்திருக்கும் படிவத்தில்தான் இருக்க வேண்டும். பள்ளி தன் தலைப்புத்தாளில் "இவர் தமிழ் வழியில் பயின்றார்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பது போதாது. இதில் காலமும் இடிக்கும். 2025-ஐப் போல ஏப்ரல் கடைசியில் அறிவிக்கை வந்தால் விண்ணப்பக் காலம் முழுவதும் கோடை விடுமுறைக்குள் விழும். தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பள்ளி நடக்கிற நாளிலேயே போய் வாங்கிவிடுங்கள்.

மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆதாரை முதலில் திருத்துங்கள்.

2. பதிவு, விண்ணப்பம், கட்டணம்

முதலில் தேர்வாணைய இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இது பதிவு மட்டும்தான், விண்ணப்பம் இல்லை. பதிவு செய்துவிட்டு விண்ணப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அறிவிக்கை வந்ததும் அதே கணக்கில் உள்ளே போய் குரூப் 4-க்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தேர்வுக் கட்டணம் 100 ரூபாய்.

ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை இலவசம். இந்த மூன்று முறை என்பது குரூப் 4-க்கு மட்டும் மூன்று முறை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை, தேர்வாணையத்தின் எந்தத் தேர்வுக்கு இலவசமாக விண்ணப்பித்திருந்தாலும் கணக்கில் சேரும். பயன்படுத்தி முடித்த சலுகையை மீண்டும் கேட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். கணக்கு நினைவில்லையா? பேசாமல் நூறு ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் போட்டால், அங்கே கொடுக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், பின்னால் வரும் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

பணம் வங்கியில் கழிந்துவிட்டது என்பதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தின் பிடிஎப் நகல் உருவாகி, அதில் கட்டணம் பெறப்பட்டது என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கடைசி நாளில் தளம் திணறும், ஆகவே முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தப்பு ஏதாவது இருந்தால், கடைசித் தேதிக்குப் பிறகு திருத்துவதற்கென்று மூன்று நாள் தருவார்கள்.

வயதைப் பொறுத்தவரை, பெரும்பாலான பதவிகளுக்குக் குறைந்தது 18, கிராம நிர்வாக அலுவலருக்கு 21. மேல்வரம்பு பதவிக்கும் பிரிவுக்கும் ஏற்ப மாறும். அறிவிக்கையில் உள்ள அட்டவணையை நீங்களே படியுங்கள், வாட்ஸ்அப் படத்தை நம்ப வேண்டாம்.

3. எதைப் படிப்பது, எதை வாங்காமல் இருப்பது

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அடுத்து பொது அறிவு 75, திறனறிவும் கணக்கும் 25. பாடத்திட்டத்தில் பொது அறிவு 75-ம் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது: பொது அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் பண்பாடும் தேசிய இயக்கமும் 10, அரசியலமைப்பு 15, பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழக வரலாறும் பண்பாடும் சமூக அரசியல் இயக்கங்களும் 20.

இந்த எண்களை அச்செடுத்துப் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். உலகத் தலைநகரங்கள், நாணயங்கள், நோபல் பரிசுப் பட்டியல் என்று மனப்பாடம் செய்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்தாலே நிறுத்திவிடுவார்கள். புவியியலுக்கு 5 கேள்வி, தமிழக வரலாற்றுக்கு 20. நேரத்தையும் அதே விகிதத்தில் பிரியுங்கள்.

தமிழ்ப் பகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்கவில்லை என்றால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவில் ஆர்வம் உள்ளவர்கள் தமிழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். தினமும் ஒரு மணி நேரமாவது தமிழுக்குக் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

புத்தகங்கள்: ஆறு முதல் பத்து வரை சமூக அறிவியலும் அறிவியலும். இவை முடிந்தபிறகு பதினொன்று, பன்னிரண்டில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் ஆகியவற்றில் பாடத்திட்டத்தோடு பொருந்தும் பாடங்கள் மட்டும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிடிஎப்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காகிதத்தில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பழைய புத்தகங்களைக் கேளுங்கள். ஆனால் அது இப்போது நடப்பில் உள்ள பாடப் பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். பாடத்திட்டம் மாறும் முன் வந்த புத்தகம் குழப்பத்தைத்தான் கூட்டும்.

தடிமனான கைடு தேவையில்லை. ஒரு பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்கிய குறிப்பேட்டில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்றே இருந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்து 38 ஆனது. பழைய அச்சை அட்டை மாற்றி விற்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இந்த ஓர் எண் போதும். கடையிலேயே புரட்டிப் பாருங்கள்.

வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் முதலில் விசாரியுங்கள், இலவசம். படிக்க அமைதியான இடம் வேண்டும் என்றால் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம் போதும்.

4. வரலாறு: ஆண்டை மட்டும் படித்தால் மதிப்பெண் வராது

"வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு எது?" என்ற நேர்க் கேள்வி இப்போது அரிது. பொருத்துக, காலவரிசைப்படுத்துக, கூற்று-காரணம், எது தவறு என்றுதான் வருகின்றன. அதனால் ஒரு நிகழ்ச்சியை எடுத்தால் அதன் முன்னும் பின்னும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

வேலூரையே எடுத்துக்கொள்வோம், கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த புரட்சி அது. பக்கத்தின் நடுவில் 1806 ஜூலை 10. இடப்பக்கம் காரணங்கள்: புதிய தலைப்பாகை, அதில் தோலால் ஆன சின்னம், சமயக் குறிகளுக்கும் காதணிக்கும் தாடிக்கும் தடை. கீழே ஆட்கள்: சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங், படைத்தலைவர் ஜான் கிரடாக், தலைப்பாகையோடு பெயர் ஒட்டிக்கொண்ட அக்னியு, கோட்டையில் கொல்லப்பட்ட கர்னல் பான்கோர்ட், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கிய கில்லஸ்பி. கோட்டைக்குள் இருந்தவர்கள் திப்புவின் குடும்பத்தினர். புரட்சி செய்தவர்கள் அரசராக அறிவித்தது மூத்த மகன் பதே ஹைதரை. வலப்பக்கம் விளைவுகள்: பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

இந்த ஒரு பக்கத்திலிருந்து ஏழெட்டுக் கேள்வி எழுதிவிடலாம். "அடக்கியவர் யார்" என்ற கேள்வியில் பான்கோர்ட், கில்லஸ்பி, கிரடாக், அக்னியு என்று நான்கையும் விடையாக அடுக்கினால், ஆண்டை மட்டும் படித்தவர் திகைத்து நிற்பார். நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

திப்பு குடும்பம் ஏன் வேலூரில் இருந்தது என்று கேட்டுக்கொண்டால் அடுத்த பக்கம் தானாக வரும். 1799, நான்காம் மைசூர்ப் போர், திப்புவின் மரணம். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் முதல் போர் முடிந்தது 1769 சென்னை உடன்படிக்கையில், இரண்டாவது 1784 மங்களூர் உடன்படிக்கையில், மூன்றாவது 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில். அதே 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். இந்தத் திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கம் இருப்பது, 2019-இல் மாவட்டமான திருப்பத்தூர் வேறு. 1799, 1801, 1806 மூன்றையும் ஒரே கோட்டில் எழுதிப் பாருங்கள், தென்னிந்தியாவில் அந்த ஏழு ஆண்டில் என்ன நடந்தது என்பது கண்முன் வந்துவிடும். காலவரிசைக் கேள்விக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கர்நாடகப் போர்களின் உடன்படிக்கைகளையும் இப்படியே கோத்துக்கொள்ளுங்கள்: 1748 ஐ-லா-சப்பேல், 1754 புதுச்சேரி, 1763 பாரிஸ். 1930-ஐத் தொட்டால் தண்டியையும் வேதாரண்யத்தையும் சேர்த்தே எழுதுங்கள். காந்தி புறப்பட்டது மார்ச் 12, தண்டியில் உப்பெடுத்தது ஏப்ரல் 6, ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டது ஏப்ரல் 13.

5. புவியியல்: இரண்டு விடை இருக்கும் கேள்விகளுக்குத் தனிப் பக்கம்

கேள்வி ஐந்துதான், அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இதில் உட்கார வேண்டாம். ஆனால் நோட்டில் "இரட்டை எண்கள்" என்று ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். எந்தத் தகவலுக்கு இரண்டு எண்கள் புழக்கத்தில் இருக்கின்றனவோ, அதெல்லாம் அந்தப் பக்கத்துக்குப் போகட்டும்.

நல்ல உதாரணம் கடற்கரை நீளம். இந்தியாவுக்கு 7,516.6 கிலோமீட்டர் என்று நெடுங்காலமாகப் படித்துவந்தோம். வளைவுகளையும் கழிமுகங்களையும் இன்னும் நுணுக்கமாக அளந்தபிறகு 11,098 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டுக்குப் பழைய கணக்கு 906.9, மீன்வளத் துறைப் பதிவுகளில் 1,076, புதிய அளவீட்டில் 1,068.69. மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, கேள்வி எதை ஒட்டிக் கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு விடைகளில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

அதே பக்கத்தில் இன்னும் சில. இந்தியாவின் தென்கோடி பெரிய நிக்கோபாரில் உள்ள இந்திரா முனை, நிலப்பகுதியின் தென்கோடி கன்னியாகுமரி. தென்னிந்தியாவின் உயரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர், கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் உயரமானது தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கேள்வியில் "நிலப்பகுதி", "தமிழ்நாட்டில்" என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் தெரிந்த விடையும் தப்பாகிவிடும்.

6. கடல்: சின்னப் பகுதி, ஆனால் சுலபமான மதிப்பெண்

கடல் உயிரினங்களுக்கென்று தனி அலகு இல்லை. அறிவியலில் கொஞ்சம், புவியியலில் கொஞ்சம், தமிழக நிர்வாகத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் ஒதுக்கினால் முடித்துவிடலாம்.

முதலில் வகைப்பாடு. சுறா, கடல் குதிரை, திருக்கை ஆகியவை மீன்கள். திமிங்கலம், டால்பின், கடல் பசு பாலூட்டிகள், நுரையீரலால் சுவாசிப்பவை. நட்சத்திர மீனும் கடல் அட்டையும் முட்தோலிகள். ஜெல்லி மீனும் பவளமும் குழியுடலிகள். கணவாய், ஆக்டோபஸ், முத்துச் சிப்பி மெல்லுடலிகள். "பொருந்தாததைத் தேர்ந்தெடு" என்றால் இந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். மிகப் பெரிய விலங்கு நீலத் திமிங்கலம், மிகப் பெரிய மீன் திமிங்கலச் சுறா. கடல் குதிரையில் முட்டையைப் பையில் சுமப்பது ஆண். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம், அதனால் நீல நிறம். டால்பின் என்றதும் கடலை நினைப்போம், ஆனால் நம் தேசிய நீர்வாழ் விலங்கு கங்கை ஆற்று டால்பின்.

அடுத்து இடங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடா, 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம், பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல் பசுப் பாதுகாப்பகம், 2022-இல் அறிவிக்கப்பட்டது, இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் வருகிறது. மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் மாற்றிப் போட்டுக் கேட்பது வழக்கம், வரைபடத்தை ஒருமுறை கையால் வரைந்துவிட்டால் குழம்பாது. சதுப்புநிலக் காடுகளில் பிச்சாவரம் கடலூர் மாவட்டம், முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டம். தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம், கோடியக்கரை, 2002. அதன்பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, ஆகவே எண்ணிக்கையைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கூற்று-காரணம் எப்படி மாட்டும் என்பதற்கு ஒன்று பாருங்கள்.

கூற்று: கடல் பசு ஒரு பாலூட்டி.
காரணம்: கடல் பசு கடற்புல்லை உண்கிறது.

இரண்டும் சரி. ஆனால் புல் தின்பதால் ஒன்று பாலூட்டி ஆகிவிடாது. எனவே "இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமல்ல" என்பதே விடை. இரண்டு வரியும் தெரிந்தவை என்ற மகிழ்ச்சியில் "சரியான விளக்கம்" என்பதை நிரப்பிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். இந்த வகைக் கேள்வியில், இரண்டு வரிக்கும் நடுவே "ஏனென்றால்" என்று போட்டு வாசித்துப் பாருங்கள். வாசிப்பு இடித்தால் விளக்கம் இல்லை.

7. அரசியலமைப்பு: பதினைந்து கேள்வி, மிக நம்பகமான பகுதி

சட்டம் அடிக்கடி மாறாது, அதனால் ஒருமுறை படித்தது நிற்கும். மூன்று அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிரிவுகள்: 14 சமத்துவம், 17 தீண்டாமை ஒழிப்பு, 19 சுதந்திரங்கள், 21 வாழ்வுரிமை, 21-அ கல்வி, 32 உச்ச நீதிமன்றத்தை அணுகும் உரிமை, 280 நிதி ஆணையம், 315 பணியாளர் தேர்வாணையங்கள், 324 தேர்தல் ஆணையம், 352, 356, 360 நெருக்கடி நிலைகள். 

இரண்டாவது, திருத்தங்கள்: 42-ஆவது 1976, அடிப்படைக் கடமைகள் பத்து. 44-ஆவது 1978, சொத்துரிமை அடிப்படை உரிமையிலிருந்து நீங்கி 300-அ ஆனது. 52-ஆவது 1985, கட்சித் தாவல் தடை. 61-ஆவது, வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18. 73-ம் 74-ம் உள்ளாட்சி. 86-ஆவது 2002, கல்வி உரிமையும் பதினோராவது கடமையும். 101-ஆவது சரக்கு மற்றும் சேவை வரி.

மூன்றாவது, தேதிகள். இங்கேதான் பொறி இருக்கிறது. நிறைவேறிய நாள் வேறு, நடைமுறைக்கு வந்த நாள் வேறு. அரசியலமைப்பு ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26, நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. 73-ஆவது திருத்தம் 1992, நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. நம் மாநிலத்துக்கும் மூன்று தேதி உண்டு: மொழிவாரி மாநிலமானது 1956 நவம்பர் 1, தமிழ்நாடு என்று பெயர் மாற்றச் சட்டமன்றம் தீர்மானித்தது 1967 ஜூலை 18, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. கேள்வியின் கடைசி வினைச்சொல்லைப் படித்துவிட்டு விடையைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டு எண்கள்: சட்டமன்றம் 234, மக்களவை 39, மாநிலங்களவை 18. மேலவை 1986-இல் நீக்கப்பட்டது.

8. பழைய வினாத்தாள்களும் கடைசி மாதமும்

தேர்வாணையத் தளத்தில் முந்தைய வினாத்தாள்கள் விடைகளோடு இலவசமாக இருக்கின்றன. அவற்றை எழுதிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் விடை எந்தப் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக் குறித்து வையுங்கள். நாலைந்து வினாத்தாள் முடிவதற்குள் கேள்விகள் எந்தப் பாடங்களில் அடிக்கடி எழுகின்றன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தினசரி நடப்பு நிகழ்வுகள் என்று வரும் பிடிஎப்களைக் குவிக்க வேண்டாம். ஒரு தமிழ் நாளிதழ் போதும்: மாநிலத் திட்டங்கள், விருதுகள், நியமனங்கள், புதிய சரணாலயங்கள். கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் தொடாமல் நோட்டை மட்டும் புரட்டுங்கள்.

9. தேர்வு நாள்

நுழைவுச்சீட்டு தபாலில் வராது. தேர்வுக்குச் சுமார் பத்து நாள் முன்னதாகத் தளத்தில் வெளியாகும். இறக்கியதும் மையத்தின் பெயரைப் பாருங்கள். ஒரே பெயரில் ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று இரண்டு இருக்கும் ஊர்கள் நிறைய. முடிந்தால் முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். தேர்வு நடப்பது ஞாயிறோ சனியோ என்பதால் காலைப் பேருந்துகள் குறைவாக இருக்கலாம். சீட்டில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் உள்ளே விட மாட்டார்கள்.

கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு, நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை. மொபைல், ஸ்மார்ட் வாட்ச் கூடாது.

விடைகளை வட்டங்களில் நிரப்பும் ஓஎம்ஆர் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம் இருக்கும். ஏ, பி, சி, டி விடைகள், ஐந்தாவதான இ என்பது விடை தெரியவில்லை என்பதற்கு. எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். ஆனால் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே இ-யைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரப்புங்கள். எந்த எழுத்தை எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணிக் குறிக்கச் சொன்னால், கூட்டல் 200 வருகிறதா என்று பாருங்கள். இதற்குக் கடைசியில் நேரம் ஒதுக்குங்கள்.

எனக்குப் பிடித்த வரிசை: முதலில் தமிழ், அடுத்து பொது அறிவு, கணக்கு கடைசி. ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். இடையில் ஒன்று தவறினால் அதற்குக் கீழே எல்லாம் நகர்ந்துவிடும்.

10. தேர்வு முடிந்த பிறகு

சில நாட்களில் தற்காலிக விடைக்குறிப்பு வரும். அதில் தப்பு இருப்பதாகத் தெரிந்தால் ஒரு வாரத்துக்குள் தளத்திலேயே மறுப்புத் தெரிவிக்கலாம். கைடையோ பயிற்சி மையக் குறிப்பையோ ஆதாரமாகக் காட்டினால் எடுபடாது, பாடநூல் போன்ற தரமான நூலின் பக்கம் வேண்டும். எட்டாவது படியில் பக்க எண்களைக் குறிக்கச் சொன்னது இங்கேயும் கைகொடுக்கும். கடற்கரை நீளம் மாதிரியான இரட்டை எண் கேள்வி வந்திருந்தால் தயங்காமல் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண், தரவரிசையில் அந்த ஒன்றரைக்குள் பல்லாயிரம் பேர் நிற்பார்கள்.

முடிவு வந்ததும் உங்கள் எண் பட்டியலில் இருந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்வார்கள். அதில் தேர்வானவர்களைச் சென்னையில் உள்ள தேர்வாணைய அலுவலகத்துக்கு அசல் சான்றிதழ்களோடு அழைப்பார்கள், அதன்பிறகு கலந்தாய்வு. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. அழைப்பு மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வரலாம், வராமலும் போகலாம். எனவே அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறையாவது தேர்வாணையத் தளத்தைத் திறந்து பாருங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த மொபைல் எண்ணை அதுவரை மாற்ற வேண்டாம்.